ஏஐ ஏஜென்ட் சரியான ஆவணப் பக்கத்தை எடுக்க: ஈஆர்பிநெக்ஸ்ட் ஆவணத் தேடல் கருவி அமைக்கும் முழு வழிகாட்டி

ஈஆர்பி என்பது கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் நிறுவன மென்பொருள். அதன் சப்போர்ட் வேலையில், தானே தகவல் தேடிப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்டை உட்காரவைத்தால் வரும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். பதில் சரளமாக வருகிறது, ஆனால் அது சொல்லும் பட்டன் வாடிக்கையாளரின் திரையில் இல்லை. காரணம் எளிது. ஏஜென்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடல் பல வெர்ஷன்களின் ஆவணங்களைக் கலந்து படித்திருக்கிறது. எதை எந்த வெர்ஷனில் படித்தோம் என்று பிரித்துச் சொல்ல அதனால் முடியாது. அந்தப் பிரிவினையை வெளியிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கான தேடல் கருவியைப் படிப்படியாக அமைப்பதே இந்த வழிகாட்டி. புதுச்சேரி, கடலூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஈஆர்பி மென்பொருளை அமைத்துக் கொடுக்கும் சிறு குழுவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஓடூ போன்ற வேறு ஈஆர்பி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். வரிசையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: புதிதாகச் செய்பவர்கள் நேராக வெக்டர் டேட்டாபேஸை (உரையின் பொருளை எண்களாக்கிச் சேமித்துத் தேடும் மென்பொருள்) நிறுவுவதில் தொடங்குகிறார்கள். இங்கே அது எட்டாவது படி. சில குழுக்களுக்கு அந்தப் படியே தேவைப்படாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தான் தெரிந்த ஒருவர், 8 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப், பைத்தானுடனேயே வரும் எஸ்கியூலைட் என்ற சிறு டேட்டாபேஸ். உங்கள் எஸ்கியூலைட்டில் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் வசதி இருக்கிறதா என்று ஒரு சிறு டேபிள் உருவாக்கிப் பார்த்துவிடுங்கள். ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வேண்டியதில்லை.

கருவிகளைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று, தினமும் சப்போர்ட் போனை எடுத்துப் பேசுபவரின் அரை நாள் நேரம். மற்றொன்று, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்ற பட்டியல். சர்வரில் ‘பெஞ்ச் வெர்ஷன்’ கட்டளையைக் கொடுத்தால் நிறுவியிருக்கும் எல்லா ஆப்களின் வெர்ஷனும் வரும். “எல்லாரும் 15-தான்” என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பட்டியலை நிரப்பாதீர்கள். ஒவ்வொரு சர்வரிலும் பார்த்தே எழுதுங்கள்.

1. முதலில் கேள்விகளை எழுதுங்கள்

ஒரு வரி கோட் எழுதும் முன், நாற்பது ஐம்பது கேள்விகளைச் சேகரியுங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் எழுதிய சொற்களிலேயே அவை இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதற்குச் சரியான விடை எந்த வெர்ஷனின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கையால் எழுதுங்கள்.

இதை முதலில் செய்யாவிட்டால், பின்னால் செய்யும் எந்த மாற்றமும் நன்மை செய்ததா கெடுத்ததா என்று தெரியாது. புதியவர்கள் இரண்டு கேள்வியைத் தட்டிப் பார்த்து, இரண்டும் சரியாக வந்தால் வேலை முடிந்தது என்கிறார்கள். அந்த இரண்டும் ஆவணத்தின் தலைப்பையே திருப்பிக் கேட்பவையாக இருக்கும்.

மூன்று வகைக் கேள்விகள் பட்டியலில் இருக்கட்டும். பிழைச் செய்தியின் பெயரை அப்படியே ஒட்டிக் கேட்பவை முதல் வகை. “டைம்ஸ்டாம்ப் மிஸ்மேட்ச் எரர் வருது, சேவ் ஆகல” என்பது போல. பொருளால் கேட்பவை இரண்டாவது: “வில்லியனூர் பார்ட்டிகிட்ட மெட்டீரியல் குடுத்து வேலை வாங்குறோம், அத எப்படிப் போடுறது?” மூன்றாவது வகை, ஆவணத்தில் விடையே இல்லாத கேள்விகள். பத்துக்கு இரண்டு கேள்வியாவது இப்படி இருக்க வேண்டும். இவைதான் கருவியின் நேர்மையைச் சோதிப்பவை.

நம் ஊருக்கே உரிய ஒரு சோடிக் கேள்வியையும் கட்டாயம் சேருங்கள். பாண்டியிலிருந்து கடலூருக்குச் சரக்கு போனால் அது மாநிலம் விட்டு மாநிலம்: ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு 34-இலிருந்து 33-க்கு, எனவே மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி. பாண்டியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் லாரி வழி முழுக்கத் தமிழ்நாட்டைக் கடந்துதான் போகிறது. ஆனால் இரண்டு முனையும் 34, எனவே மத்திய வரியான சிஜிஎஸ்டியும் மாநில வரியான எஸ்ஜிஎஸ்டியும். ஏஜென்ட் தூரத்தையும் வரைபடத்தையும் வைத்து ஊகித்துவிடும். ஆவணத்தில் ‘சப்ளை நடக்கும் இடம்’ எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்ற பக்கத்தை எடுத்துவந்து பேசுகிறதா என்பதை இந்தச் சோடி காட்டிக்கொடுக்கும்.

2. எந்த ஆவணம், எந்த வெர்ஷன் என்று எல்லை போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாவிப் போகிறார்கள். பின்னால் வரும் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

மேலே சொன்ன வில்லியனூர் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஜாப் ஒர்க்குக்கு மெட்டீரியல் கொடுப்பதை ஈஆர்பிநெக்ஸ்ட் ‘சப்கான்ட்ராக்டிங்’ என்கிறது. 13-ஆம் வெர்ஷனில் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ‘சப்ளை ரா மெட்டீரியல்ஸ்’ என்று குறித்து அந்த வேலையை நடத்தலாம். 14-இல் அதற்கென்று சப்கான்ட்ராக்டிங் ஆர்டர், சப்கான்ட்ராக்டிங் ரசீது என்று தனி ஆவணங்கள் வந்துவிட்டன. இரண்டு வெர்ஷனின் பக்கங்களும் ஒரே இன்டெக்ஸில் (தேடுவதற்கென்று தொகுத்துவைத்த பட்டியலில்) அடையாளமின்றிக் கிடந்தால், ஏஜென்ட் இரண்டையும் பாதிப் பாதி சேர்த்து ஒரு பதில் தைக்கும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது, திரையில் மட்டும் வேலை நடக்காது.

அடுத்தது ஆவணம் இருக்கும் இடம். 14-ஆம் வெர்ஷனிலிருந்து இந்திய ஜிஎஸ்டி வசதிகள் ஈஆர்பிநெக்ஸ்டை விட்டுப் பிரிந்து இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனி ஆப்புக்குப் போய்விட்டன. அதற்குத் தனி ஆவணத் தளமும் இருக்கிறது. மூல மென்பொருளின் ஆவணத்தை மட்டும் இறக்கினால் ஈவே பில் (சரக்கை எடுத்துச்செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு) பற்றிய கேள்விக்குச் சரியான பக்கம் உங்கள் இன்டெக்ஸில் இருக்கவே இருக்காது. எவ்வளவு நல்ல தேடலும் இல்லாத பக்கத்தை எடுத்துவராது.

ஓடூ வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். 17-இல் வியூ (திரை அமைப்பு) எழுதும்போது பயன்பட்ட ‘ஆட்டர்ஸ்’, ‘ஸ்டேட்ஸ்’ என்ற குறிப்புகள் இரண்டும் நீக்கப்பட்டன. 18-இல் ‘ட்ரீ’ வியூ ‘லிஸ்ட்’ ஆனது. 16-ஆம் வெர்ஷனின் பக்கத்தைப் பார்த்து ஏஜென்ட் எழுதித் தரும் திரை அமைப்புக் கோடு (எக்ஸ்எம்எல்) 17-இல் ஏறாது.

எனவே ஒரு சின்ன டேபிள் போடுங்கள்: மென்பொருளின் பெயர், வெர்ஷன், ஆவணம் கிடைக்கும் இடம், அதைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் உண்டா. யாரும் பயன்படுத்தாத வெர்ஷனை இன்டெக்ஸில் சேர்க்காதீர்கள். இருக்கட்டுமே என்று சேர்த்துவைப்பது தேடலைக் குழப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

3. ஆவணங்களை இறக்குங்கள்

தானியங்கி நிரல்கள் எதை எடுக்கலாம் என்று சொல்லும் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பையும் உரிம விதியையும் முதலில் படியுங்கள். ஆவணத்தின் மூலக் கோப்புகள் கிட் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளை வைக்கும் முறை) வழியாகக் கிடைத்தால் அவற்றையே எடுங்கள். தலைப்புகளும் டேபிள்களும் சிதையாமல் வரும், எது எப்போது மாறியது என்ற வரலாறும் கூடவே கிடைக்கும். கிட் இல்லையென்றால் சைட்மேப்பிலிருந்து (தளத்தின் பக்கப் பட்டியல்) முகவரிகளை எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் ஓரிரு விநாடி விட்டு இறக்குங்கள்.

இறக்கிய பக்கத்திலிருந்து பக்கவாட்டு மெனு, அடிக்குறிப்பு, குக்கி அறிவிப்பு எல்லாவற்றையும் வெட்டி எறிய வேண்டும். இது அழகுக்காகச் சொல்வதல்ல. மெனுவில் ‘ஸ்டாக்’, ‘பையிங்’ என்ற சொற்கள் இருந்தால் அவை ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பதாகக் கணக்காகும். சொல் எவ்வளவு அரிதோ அவ்வளவு மதிப்பு என்ற அடிப்படையில்தான் தேடல் வேலை செய்கிறது. மெனு உள்ளே இருந்தால் உங்கள் முக்கியச் சொற்களெல்லாம் மதிப்பிழந்துவிடும்.

முகவரியில் ‘கரன்ட்’, ‘லேட்டஸ்ட்’ என்று இருக்கும் பக்கங்களைக் கவனியுங்கள். இறக்கும் நாளில் அது எந்த எண்ணைக் குறித்ததோ அந்த எண்ணையே பதிவு செய்யுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்றே சேமித்தால், அடுத்த வெர்ஷன் வந்த நாளிலிருந்து உங்கள் இன்டெக்ஸ் தவறான தகவல் சொல்லத் தொடங்கும்.

இறக்கிய மூலக் கோப்புகளைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த படியைப் பலமுறை மாற்றிச் செய்ய வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் தளத்தைத் தொந்தரவு செய்வது முறையல்ல.

4. தலைப்பு பார்த்து வெட்டுங்கள், எண்ணிக்கை பார்த்து அல்ல

முழுப் பக்கத்தையும் ஒரே துண்டாக வைத்தால் ஏஜென்ட் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடம், அதாவது கான்டெக்ஸ்ட், வீணாகும். ஐந்நூறு எழுத்துக்கு ஒரு வெட்டு என்று போட்டால் செயல்முறையின் நான்காம் படி ஒரு துண்டிலும் ஐந்தாம் படி இன்னொரு துண்டிலும் போய்விழும். ஏஜென்ட் முதல் துண்டை மட்டும் எடுத்து, ‘சப்மிட்’ செய்யச் சொல்லாமலே பதிலை முடித்துவிடும்.

பக்கத்தின் உள்தலைப்புகள்தான் இயற்கையான வெட்டுமிடங்கள். ஒரு துண்டு முந்நூறிலிருந்து ஐந்நூறு சொற்கள் வரை இருக்கலாம். ஆனால் எண்ணிட்ட படிகளின் வரிசையை எக்காரணம் கொண்டும் நடுவில் வெட்டாதீர்கள், துண்டு நீண்டாலும் பரவாயில்லை. டேபிள் நீளமாக இருந்து வெட்டியே ஆகவேண்டுமென்றால், தலைப்பு வரிசையை ஒவ்வொரு துண்டிலும் திரும்ப ஒட்டுங்கள். எச்சரிக்கைப் பெட்டி எந்தப் படிக்கு உரியதோ அதனுடனேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் முழுப் பாதையை எழுதுவது கட்டாயம்: மென்பொருள், வெர்ஷன், மாட்யூல், பக்கம், உள்தலைப்பு. ஈஆர்பிநெக்ஸ்ட் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘முன்தேவைகள்’, ‘எப்படி உருவாக்குவது’, ‘வசதிகள்’ என்ற ஒரே மாதிரி உள்தலைப்புகள்தான் வரும். பாதை இல்லாமல் வெட்டினால் ‘முன்தேவைகள்’ என்ற பெயரில் ஏராளமான துண்டுகள் குவியும். எது டெலிவரி நோட்டுக்கு, எது ஸ்டாக் என்ட்ரிக்கு என்று தேடலுக்கும் தெரியாது, ஏஜென்டுக்கும் தெரியாது.

வெட்டி முடித்ததும் இருபது துண்டுகளைக் குலுக்கி எடுத்து, சப்போர்ட் எடுப்பவரிடம் கொடுங்கள். முன்பின் தெரியாமல் படித்தாலே அது எதைப் பற்றியது என்று அவர் சொல்ல வேண்டும். அவருக்குப் புரியாத துண்டு ஏஜென்டுக்கும் புரியாது.

5. சொல் தேடல் இன்டெக்ஸ் போடுங்கள்

எஃப்டிஎஸ்5-இல் ஒரு டேபிள்: பக்கத் தலைப்பு, பாதை, உள்ளடக்கம் மூன்றும் தேடப்படும் காலம்கள் (நெடுவரிசைகள்). வெர்ஷன், மென்பொருள், முகவரி ஆகியவை தேடப்படாமல் கூடவே இருக்கும் காலம்கள். தேடும்போது வெர்ஷனை வைத்து வடிகட்ட இவை உதவும். பொருத்தத்தின்படி வரிசைப்படுத்த அதனுள்ளேயே இருக்கும் பிஎம்25 என்ற மதிப்பெண் சூத்திரம் போதும். தலைப்புக்கு அதிக எடை, பாதைக்கு நடுத்தரம், உள்ளடக்கத்துக்குக் குறைவு என்று நெடுவரிசை வாரியாக எடை கொடுங்கள். தலைப்பில் இருக்கும் சொல் அந்தப் பக்கத்தின் பொருளையே சொல்கிறது.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் நிறைய.

எஃப்டிஎஸ்5 தரும் பிஎம்25 மதிப்பெண் எதிர்மறை எண்ணாக வரும். எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்ல பொருத்தம். பெரிய எண்தான் உயர்ந்தது என்று நினைத்துத் தலைகீழாக அடுக்கினால் மிக மோசமான முடிவுகள் முதலில் வந்து நிற்கும். பிறகு மாடலைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

கேள்வியை அப்படியே அனுப்பக் கூடாது. ஹைஃபனும் கோலனும் எஃப்டிஎஸ்5-க்குக் கட்டளைக் குறிகள். ‘ஈ-வே’ என்று ஆங்கிலத்தில் ஹைஃபனோடு அனுப்பினால் தேடாமல் பிழை காட்டும். ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தே அனுப்புங்கள்.

இரண்டு சொற்களைச் சும்மா அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள். மனிதர் இரண்டு சொல் தட்டுவார். ஏஜென்டோ பன்னிரண்டு சொற்களில் நீளமாகக் கேட்கும். பன்னிரண்டும் இருக்கும் துண்டு எங்கே கிடைக்கும்? சொற்களை ‘அல்லது’ போட்டு இணையுங்கள், வரிசைப்படுத்தலை பிஎம்25 பார்த்துக்கொள்ளும்.

பிழைப் பெயர்கள் தனிக் கவனம் கேட்பவை. ‘டைம்ஸ்டாம்ப்மிஸ்மேட்ச்எரர்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டி எழுதியிருப்பதை இன்டெக்ஸ் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் பிரித்து எழுதினால் பொருந்தாது. எனவே இன்டெக்ஸ் போடும்போது பெரிய எழுத்து வரும் இடங்களில் பிரித்த வடிவத்தையும் மூல வடிவத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இந்த ஒரு மாற்றம் பிழை பற்றிய கேள்விகளைத் தூக்கி நிறுத்திவிடும்.

உங்கள் சொந்தக் குறிப்புகள் தமிழில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசர் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) யுனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுக்கும். தமிழின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் அங்கே ‘குறி’ வகையில் இருக்கின்றன. அதனால் ‘சரக்கு’ என்ற சொல் புள்ளியிலும் உகரத்திலும் உடைந்து சில்லுகளாகிவிடும். டேபிள் உருவாக்கும்போதே டோக்கனைசரின் வகைப் பட்டியலில் எம்.என்., எம்.சி. என்ற ‘குறி’ வகைகள் இரண்டையும் சேர்த்துவிட்டால் சொல் முழுசாக நிற்கும். பிறகு சேர்த்தால் இன்டெக்ஸை முழுக்க மறுபடி கட்ட வேண்டும்.

6. ஊர்ச் சொல்லுக்கு ஓர் அகராதி

ஆவணம் ஆங்கிலத்தில், கேள்வி தமிழில் அல்லது தமிழும் ஆங்கிலமும் கலந்து. மொழிமாற்றத்தை ஏஜென்டே செய்துவிடும், அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வருவது தொழில் சொல்லில். கோடவுன் என்றால் இந்த மென்பொருளில் ‘வேர்ஹவுஸ்’. டெலிவரி சலான் என்றால் ‘டெலிவரி நோட்’. ஜாப் ஒர்க் என்றால் ‘சப்கான்ட்ராக்டிங்’. சரக்கு திரும்ப வந்தது என்றால் சேல்ஸ் இன்வாய்ஸில் ‘இஸ் ரிட்டர்ன்’ என்று குறித்துப் போடும் கிரெடிட் நோட். பாக்கி என்றால் ‘அவுட்ஸ்டாண்டிங்’.

இவற்றை ஒரு டேபிளில் எழுதி, கேள்வியில் இடப்பக்கச் சொல் வந்தால் வலப்பக்கச் சொல்லையும் சேர்த்துத் தேடும்படி செய்யுங்கள். மாற்றாதீர்கள், சேருங்கள். ஆவணத்தில் ஓரிடத்தில் ‘ஜாப் ஒர்க்’ என்றே எழுதியிருக்கலாம், அதை இழக்கக் கூடாது.

இந்த அகராதியை எழுத வேண்டியவர் புரோகிராமர் அல்ல. போன் எடுப்பவர்தான். சிப்காட்டில் இருக்கும் கெமிக்கல் யூனிட் கேட்கும் சொல்லும் பாண்டி நேரு வீதி மொத்தக் கடை கேட்கும் சொல்லும் வேறு வேறு. அது அவருக்குத்தான் காதில் இருக்கும்.

7. அளந்து பாருங்கள்

முதல் படியில் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாக ஓட்டி, சரியான பக்கம் முதல் ஐந்து முடிவுகளுக்குள் வருகிறதா என்று எண்ணுங்கள். சதவீதத்தைவிடத் தோற்ற கேள்விகள்தான் பயன் தருபவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணம் எழுதுங்கள்: பக்கமே இறக்கப்படவில்லை, வெட்டு தவறு, சொல் பொருந்தவில்லை, வேறு வெர்ஷன் வந்தது.

முதல் மூன்று காரணங்களுக்கும் மருந்து 3, 4, 6-ஆம் படிகளில் இருக்கிறது. நான்காவது என்றால் வெர்ஷன் வடிகட்டல் சரியாக வேலை செய்யவில்லை. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும், பொருள் ஒன்றாக இருந்து சொல் மட்டும் வேறாக இருப்பதால் தோற்கும் கேள்விகள் கணிசமாக மிஞ்சினால்தான் அடுத்த படிக்குப் போங்கள்.

8. எம்பெடிங், தேவை தெரிந்த பிறகு

எம்பெடிங் என்பது உரையின் பொருளை எண்களின் வரிசையாக்கி, அருகருகே இருப்பவற்றைத் தேடும் முறை. “ஒரே பில்ல ரெண்டு தடவ போட்டுட்டேன்” என்ற கேள்வியை ‘கேன்சல்’, ‘அமெண்ட்’ பற்றிய பக்கத்துடன் சேர்த்துவைக்க இது உதவும். பிழைப் பெயர், ஃபீல்டு பெயர் போன்ற துல்லியமான சொற்களில் இது வழுக்கும். எனவே சொல் தேடலை எடுத்துவிட்டு இதை வைக்காதீர்கள், இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்.

தமிழும் ஆங்கிலமும் தெரிந்த பன்மொழி மாடல் தேவை. பிஜிஇ-எம்3, மல்டிலிங்குவல் ஈ5 இரண்டும் நல்ல தேர்வுகள். ஈ5 எடுத்தால் கேள்விக்கு முன்னால் ‘கொயரி’ என்றும் துண்டுக்கு முன்னால் ‘பேசேஜ்’ என்றும் ஆங்கிலத்தில் கோலனோடு முன்னொட்டு வைக்க வேண்டும். மாடல் அப்படித்தான் பயிற்சி பெற்றிருக்கிறது. இதை விட்டுவிட்டுப் பிறகு தரம் சரியில்லை என்று புலம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். ஈ5 ஒரு முறைக்கு 512 டோக்கன் (சொல் துணுக்கு) வரைதான் படிக்கும். துண்டு நீளமானால் வால் பகுதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். பிஜிஇ-எம்3-இன் எல்லை 8192.

தனி வெக்டர் டேட்டாபேஸ் அவசியமா? பத்தாயிரம் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 1024 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் சுமார் 40 மெகாபைட்தான். பைத்தானின் கணித நூலகமான நம்பையில் எல்லாவற்றுடனும் நேரடியாக ஒப்பிட்டாலே கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். புதிதாக ஒரு சர்வரைப் பராமரிக்கும் சுமையை இந்த அளவுக்குத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

வெர்ஷன் வடிகட்டலை ஒப்பீட்டுக்கு முன்பே செய்யுங்கள். முதலில் பத்து எடுத்துவிட்டுப் பிறகு வடிகட்டினால், பத்தும் வேறு வெர்ஷனாக இருந்து கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். 14, 15 பக்கங்கள் கிட்டத்தட்ட ஒரே உரையாக இருப்பதால் இது உண்மையிலேயே நடக்கும்.

இரண்டு தேடல்களின் முடிவுகளை இணைக்க மதிப்பெண்களைக் கூட்டாதீர்கள், இரண்டும் வேறு வேறு அளவுகோல். இடத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் துண்டு பெற்ற இடத்துடன் 60-ஐக் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்து, இரண்டு பட்டியலிலும் வந்ததைக் கூட்டினால் போதும். ரெசிப்ரோக்கல் ரேங்க் ஃப்யூஷன் என்ற இந்த முறை 2009-இல் வெளியானது. எளிமையாக இருந்தும் இன்றும் நன்றாக உழைக்கிறது.

சேர்த்தபின் கேள்விப் பட்டியலை மறுபடி ஓட்டுங்கள். எண்ணிக்கை ஏறவில்லையென்றால் எம்பெடிங்கை எடுத்துவிடுங்கள்.

9. ஏஜென்ட் கையில் டூலாகக் கொடுங்கள்

ஏஜென்டையும் அது அழைத்துப் பயன்படுத்தும் டூலையும் (கருவியையும்) இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, பரவலாகப் பயன்படுகிறது. பைத்தானில் ஒரு ஃபங்ஷன் எழுதி அதன் விளக்கத்தைச் சரியாக எழுதினால் அதுவே டூல் ஆகிவிடும்.

ஒரே டூலாகப் போடாமல் இரண்டாகப் பிரியுங்கள். ‘தேடு’ என்பது ஐந்து முதல் எட்டு முடிவுகளைத் தரும்: தலைப்பு, பாதை, வெர்ஷன், இரண்டு மூன்று வரிச் சிறுபகுதி, ஓர் அடையாள எண். ‘எடு’ என்பது அந்த எண்ணுக்குரிய முழுப் பகுதியையும் தரும். தேடும்போதே எட்டுப் பகுதிகளையும் முழுதாகக் கொட்டினால், ஏஜென்ட் தேவையில்லாத ஏழு பகுதிகளையும் படித்துக் குழம்பும், செலவும் ஏறும்.

வெர்ஷனைக் கட்டாய உள்ளீடாக வையுங்கள். விருப்பமானால் கொடுக்கலாம் என்று விட்டால் ஏஜென்ட் பலமுறை கொடுக்காது. அனுமதித்த வெர்ஷன்களை மட்டும் டூலின் உள்ளீட்டு விதியான ஸ்கீமாவில் பட்டியலிட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் பெயரைக் கொடுத்தால் வெர்ஷன் பட்டியலிலிருந்து எண்ணைத் தரும் மூன்றாவது சிறு டூல் இருந்தால், ஏஜென்ட் ஊகிக்க இடமே இருக்காது.

விளக்கத்தைப் புதிதாக வேலைக்கு வந்தவருக்குச் சொல்வது போல எழுதுங்கள். தேடுமுன் கேள்வியை ஆங்கிலத்துக்கு மாற்றவும். பிழைப் பெயரை மட்டும் மாற்றாமல் அப்படியே தரவும். முதல் தேடலில் கிடைக்கவில்லையென்றால் குறைந்த சொற்களில் மறுபடி தேடவும். பதிலில் முகவரியையும் வெர்ஷனையும் கட்டாயம் குறிப்பிடவும். “ஆவணங்களைத் தேடும் கருவி” என்று ஒரே வரியில் விட்டுவிட்டால், எப்போது பயன்படுத்துவது என்று தெரியாமல் ஏஜென்ட் தன் நினைவிலிருந்தே பதில் சொல்லிவிடும்.

சொந்த லேப்டாப்பில் எஸ்டிடிஐஓ, அதாவது நிரலின் இயல்பான உள்ளீடு-வெளியீட்டுப் பாதை, வழியாக ஓட்டுபவர்கள் கவனிக்க: கோடில் எங்கும் ‘பிரிண்ட்’ இருக்கக் கூடாது. அந்த வெளியீட்டுப் பாதையில்தான் எம்சிபி செய்திகள் போகின்றன. சோதனைக்காகப் போட்ட ஒரு பிரிண்ட் நடுவில் புகுந்து இணைப்பையே முறித்துவிடும், பிழையும் புரியாத மாதிரி வரும். லாக் எல்லாவற்றையும் பிழைச் செய்திக்கான தனிப் பாதையான எஸ்டிடிஎரருக்கு அனுப்புங்கள். குழு முழுக்கப் பயன்படுத்த நெட்வொர்க் வழியாக இயங்கும் ஸ்ட்ரீமபிள் ஹெச்டிடிபி முறையில் அலுவலக சர்வரில் வைக்கலாம்.

10. “கிடைக்கவில்லை” என்று சொல்லட்டும்

தேடல் எப்போதும் எதையாவது திருப்பித் தரும். ஐந்து முடிவு கேட்டால், பொருத்தமே இல்லாத ஐந்தைக்கூடத் தரும். ஏஜென்ட் அவற்றை நம்பி, அவற்றிலிருந்தே ஒரு பதிலைக் கட்டிவிடும்.

பிஎம்25 மதிப்பெண் ஒரு கேள்விக்கும் இன்னொரு கேள்விக்கும் ஒப்பிடத் தக்கதல்ல, எனவே அதில் ஒரு நிலையான எல்லை போட முடியாது. அதற்குப் பதிலாக, கேள்வியின் அரிய சொற்களில் எத்தனை முதல் முடிவில் உண்மையில் இருக்கின்றன என்று பாருங்கள். பாதிகூட இல்லையென்றால் ‘இந்த வெர்ஷன் ஆவணத்தில் கிடைக்கவில்லை’ என்று வெளிப்படையாக எழுதி அனுப்புங்கள். வேறு வெர்ஷனில் இருந்தால் அதையும் தனியாகக் குறிப்பிடலாம். காலியான பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். டூல் பழுதாகிவிட்டது என்று ஏஜென்ட் நினைத்துக்கொள்ளும்.

இதற்கு நல்ல சோதனை: பாண்டி கோடவுனிலிருந்து அதே நிறுவனத்தின் கடலூர் கோடவுனுக்குச் சரக்கை மாற்றும் கேள்வி. ‘மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர்’ பக்கம் உடனே வந்து நிற்கும், பார்வைக்குச் சரியாகவும் இருக்கும். ஆனால் இரண்டு மாநிலப் பதிவுகளுக்கு இடையே போகும் சரக்கு, விலை வாங்காவிட்டாலும் ஜிஎஸ்டியில் சப்ளைதான். வரி இன்வாய்ஸ் வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈவே பில்லும் வேண்டும். மென்பொருள் ஆவணம் எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொல்லும், சட்டம் என்ன கேட்கிறது என்பதற்கு அது பொறுப்பல்ல. இத்தகைய கேள்விகளில் ஏஜென்ட் ஆவணத்தில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு, கணக்காளரிடம் உறுதிசெய்யச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத பதிலைத் தோல்வியாகவே எண்ணுங்கள்.

11. சொந்தக் குறிப்புகளைப் பிரித்து வையுங்கள்

உங்கள் குழு எழுதிய தீர்வுக் குறிப்புகள் பல நேரம் அதிகாரபூர்வ ஆவணத்தைவிடப் பயனுள்ளவை. அவற்றையும் இன்டெக்ஸில் சேருங்கள், ஆனால் ‘உள் குறிப்பு’ என்ற அடையாளத்துடன். ஜிஎஸ்டி எண், போன் எண், கடவுச்சொல் எல்லாவற்றையும் முன்பே நீக்கிவிடுங்கள்.

ஒரு வாடிக்கையாளருக்கென்றே எழுதிய குறிப்பு இன்னொருவரின் கேள்விக்கு வரவே கூடாது. இதை “மற்றவர் குறிப்பைக் காட்டாதே” என்று ஏஜென்டிடம் சொல்லி விட்டுவிடுவது பாதுகாப்பல்ல. யார் கேட்கிறார்களோ அவருக்குரிய துண்டுகளை மட்டும் சர்வரிலேயே வடிகட்டி அனுப்புங்கள்.

இறக்கிய பக்கங்களில், குறிப்பாக யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய பக்கங்களில், ஏஜென்டுக்குக் கட்டளையிடும் வரிகள் ஒளிந்திருக்கலாம். அதனால் தேடல் டூலுக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருக்கட்டும். வாடிக்கையாளரின் ஈஆர்பியில் எழுதும் உரிமை கொண்ட டூலை அதே ஏஜென்டிடம், மனிதர் ஒப்புதல் இல்லாமல், கொடுக்காதீர்கள்.

12. புதுப்பித்தலை முதல் வாரத்திலேயே அமையுங்கள்

ஒவ்வொரு துண்டின் உரைக்கும் ஒரு ஹேஷ் (உரை மாறினால் தானும் மாறும் அடையாளக் குறி) கணக்கிட்டுச் சேமியுங்கள். இரவில் ஓடும் வேலை, ஹேஷ் மாறிய துண்டுகளை மட்டும் மறுபடி இன்டெக்ஸ் செய்யட்டும். மூலத் தளத்தில் நீக்கப்பட்ட பக்கங்களை இங்கேயும் நீக்குவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். செத்துப்போன பக்கம் தேடலில் உயிரோடு வந்துகொண்டே இருக்கும். எம்பெடிங் மாடலை மாற்றினால் மட்டும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டு மாடல்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது.

ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். புதிய எஸ்கியூலைட் கோப்பாகக் கட்டி, கேள்விப் பட்டியலை அதன்மேல் ஓட்டி, முந்தையதைவிட மதிப்பெண் குறையவில்லை என்றால் மட்டும் பெயரை மாற்றி இடத்தில் வையுங்கள். குறைந்தால் பழையது அப்படியே ஓடட்டும், காலையில் ஒருவர் பார்க்கட்டும். பழைய கோப்பை ஒரு வாரமாவது வைத்திருங்கள்.

இந்த ஒரே கோப்பை சப்போர்ட் எடுப்பவர் ஒவ்வொருவரின் லேப்டாப்பிலும் தினமும் நகலெடுத்து வைப்பதையும் சேர்த்தே அமைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கரையில் இணைப்பு அறுவது புதிதல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரை கடந்தது. ஏஜென்ட் எட்டாத நேரத்திலும், கோப்பு கையில் இருந்தால் போனில் கேட்பவருக்குச் சரியான வெர்ஷனின் சரியான பக்கத்தை மனிதரே தேடிப் படித்துச் சொல்ல முடியும்.